காய்ந்தது வேறு, சரியானது வேறு

அன்புள்ள தம்பி,

ஆயுத பூஜை நெருங்கும் வாரத்தில் தேவதானம் பட்டறையில் நீ கட்டாயம் கேட்கப்போகும் புகார் ஒன்று உண்டு. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்ததுல இருந்து மிஸ்ஸிங் அடிக்குது, பிக்கப் இல்ல, இன்ஜின் லைட் எரியுது" என்பார் வண்டிக்காரர். பானெட்டைத் திறந்து உள்ளே தண்ணீர் பீய்ச்சியிருப்பார்கள். காரணம் கண்ணெதிரே நிற்கும். ஏர் அடித்து வெயிலில் நிறுத்தினால் பெரும்பாலும் வண்டி ஓடவும் செய்யும். அதோடு வேலையை முடித்துவிடாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கழுவிய பிறகு தலைகாட்டும் கோளாறுகளில் பெரும்பங்கு முன்பே இருந்த பலவீனங்கள். தண்ணீர் அவற்றை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். ஈரத்தைப் போக்குவது பாதி வேலை. ஈரம் நுழைந்த வழியைக் கண்டுபிடித்து அடைப்பது மறுபாதி.

இதற்கு ஆதாரம் அந்த வண்டியிலேயே இருக்கிறது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், சிலிண்டருக்கு ஒரு காயில் என்று வைத்துக்கொள். நான்கு காயில்களின் மேலும் விழுந்தது ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே வேகம். ஆனால் மிஸ் ஆவது பல சமயம் ஒரு சிலிண்டர்தான். தண்ணீர் மட்டுமே குற்றவாளி என்றால் மற்ற மூன்றும் எப்படித் தாங்கின? அந்த ஒன்றைக் கழற்றினால் விடை கிடைக்கும். அதன் ரப்பர் பூட் வெடித்திருக்கலாம். வால்வு கவரிலிருந்து பிளக் குழிக்குள் எண்ணெய் கசிந்து, அதில் ஊறி ரப்பர் உப்பித் தளர்ந்திருக்கலாம். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கலாம். கூரையில் எந்த ஓடு நகர்ந்திருக்கிறது என்பது மழை பெய்யும்போதுதான் தெரியும். அதற்காக மழையைப் பழிப்பவர் யாரும் இல்லை.

மின்சாரத்தின் போக்கைப் புரிந்துகொண்டால் இது இன்னும் தெளிவாகும். பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக, தேவைப்பட்டால் 20,000-க்கும் மேலே உயர்த்துகிறது. பிளக் முனையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை அது தாண்டியாக வேண்டும். ஆனால் மின்சாரம் எளிய வழியைத் தேடும். பிளக் குழியில் நின்ற தண்ணீர் பூட்டுக்குள் ஏறிவிட்டால், பிளக் பீங்கானின் வெளிப்பக்கம் வழியாகவே மின்சாரம் இறங்கி எர்த் ஆகிவிடும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு இந்தக் குறுக்குவழிக்குத் துணைபோகும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அதனால்தான் ஐட்லிங்கில் சீராக நிற்கும் வண்டி, மூன்றாம் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்ததும் உதறுகிறது. பட்டறை வாசலில் இரண்டு முறை ரேஸ் கொடுத்துப் பார்த்து "சரியாயிடுச்சு" என்று சாவியைக் கொடுப்பது இதனால்தான் ஆபத்து.

இதற்கு நேர்மாறாக, ஐட்லிங்கில் ஏறி இறங்கித் தடுமாறும் வண்டி வேகம் கூட்டியதும் அடங்குகிறது என்றால், ஸ்பார்க்கைத் தேடாமல் காற்றைத் தேடு. பீய்ச்சலின் வேகத்தில் ஏதாவது வேக்குவம் குழாய் கழன்றிருக்கும். அந்த வழியாக உள்ளே போகும் திருட்டுக் காற்று, இன்ஜின் குறைவாக மூச்சுவிடும் ஐட்லிங்கில் பெரிய பங்கு; வேகத்தில் சிறிய பங்கு. இப்படிக் கழன்ற குழாய், பாதி விலகிய கப்ளர், நனைந்து சுருங்கிய ஏர் ஃபில்டர், தண்ணீர் பட்ட ஏர் ஃப்ளோ சென்சார் ஆகியவை கழுவியதால் நேரடியாக வந்தவை. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது; அங்கே இந்தப் பட்டியலோடு சென்சார் கப்ளர்களையும் டர்போ குழாய்களையும்தான் முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் செய்தது எது, தண்ணீர் காட்டியது எது என்று பிரிப்பதுதான் உன் முதல் தீர்ப்பு. அதற்கு ஸ்பேனரைத் தொடும் முன் காதும் கண்ணும் போதும்.

"கொட்டும் மழையில் ஓடுகிற வண்டிக்கு வாட்டர் சர்வீஸ் என்ன செய்துவிடும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மழை மேலிருந்து விழுகிறது, பானெட் தடுக்கிறது. பிரஷர் குழாய் பக்கவாட்டிலும் கீழிருந்தும் சீலின் உதட்டைத் தூக்கி உள்ளே போகிறது. மின்பாகங்களின் தண்ணீர்த் தாங்குதிறனுக்கு உலக அளவில் தர எண்கள் உண்டு. ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் கேடு வராது என்று பொருள். ஆனால் மூழ்கித் தாங்கும் பாகம் பீய்ச்சலையும் தாங்கும் என்று அந்தத் தரம் உறுதி சொல்வதில்லை. பீய்ச்சலுக்கு ஐ.பி. 69கே என்று தனிச் சோதனை இருக்கிறது. 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் மிக அருகிலிருந்து அடித்துப் பார்ப்பார்கள். இன்ஜினிலுள்ள எல்லாப் பாகமும் அந்தச் சோதனையைக் கடந்தவை அல்ல. போதாக்குறைக்கு, வண்டி சூடாக இருக்கும்போதே குளிர்ந்த தண்ணீர் அடித்தால் கப்ளருக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, வெளியே நிற்கும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடுத்த ஆட்சேபம் அனுபவசாலிகளிடமிருந்து வரும்: "துணியால துடைச்சுப் போட்டா ஓடும்ப்பா." அம்பாசிடர் காலத்திலும் கார்புரேட்டர் மாருதி 800 காலத்திலும் அது சரியான மருந்து. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. துடைத்தால் வேலை முடிந்தது. இன்று காயில் ஒரு ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. துணி போகாது, வெயிலும் போகாது. இன்னொன்று, ஈரத்தில் ஒருமுறை பீங்கான் மேல் மின்சாரம் ஓடிவிட்டால் அங்கே மெல்லிய கரிக்கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும். தண்ணீர் காய்ந்தாலும் கோடு காயாது. அப்போதைக்கு மிஸ்ஸிங் நின்றிருக்கலாம். ஆயுத பூஜை முடிந்த கையோடு ஐப்பசி மழை வரும், கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்கு அதே வண்டியில் சபரிமலைப் பயணம் இருக்கும். தேவதானத்திலிருந்து சிவகிரி, தென்காசி வரை சமதளம். வண்டி எதையும் காட்டாது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில், ஆள் நிறைந்து, மழை நசநசக்கும்போது உதறும். நீ பட்டறையில் செய்யாத சோதனையை மலை செய்யும்.

"ஸ்கேனர் போட்டால் சொல்லிவிடுமே" என்று உனக்கே தோன்றும். ஸ்கேனர் பாதி சொல்லும். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பி 0303 என்றால் மூன்றாவதில், பி 0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம். 1996 மாடல் வண்டிகளிலிருந்து அமெரிக்கா கட்டாயமாக்கிய ஓ.பி.டி. 2 முறையின் பொது எண்கள் இவை. இராஜபாளையத்தில் பார்த்தாலும் அதே பொருள்தான். எந்த இடம் என்று எண் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. குழியிலுள்ள தண்ணீரை முதலில் ஏர் அடித்து வெளியேற்று. அதற்கு முன் பிளக்கைக் கழற்றினால் தண்ணீரும் மண்ணும் சிலிண்டருக்குள் இறங்கும். பிறகு, பி 0303 வந்திருந்தால், மூன்றாவது காயிலையும் ஒன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போடு. கோளாறு கூடவே நகர்ந்தால் காயிலோ பூட்டோ. நகரவில்லை என்றால் பிளக், இன்ஜெக்டர், வயரிங் என்று வரிசையாகப் போ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டைச் சேர்த்து மாற்றினால் வண்டி ஓடும், காரணம் உனக்குத் தெரியாமலே போகும். இன்ஜின் லைட் எரிவதோடு நிற்காமல் விட்டுவிட்டு மின்னினால் மேலே ஓட்டிப் பார்க்காதே. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அதன் விலைக்கு முன் காயில் விலை ஒன்றுமே இல்லை.

"இவ்வளவு பார்க்க வாடிக்கையாளருக்குப் பொறுமை ஏது, நான்கு காயிலையும் மாற்றிவிட்டால் தீர்ந்தது" என்ற வாதம் வலுவானது. பூஜை நாளில் இன்னும் வலுவானது. ஆனால் எண்ணெய் கசியும் குழிக்குள் புதுக் காயில் போட்டால் அதன் ரப்பரும் அதே எண்ணெயில்தான் ஊறும். வாடிக்கையாளர் நான்கு காயிலுக்குப் பணம் கொடுத்திருப்பார். அவருக்குத் தேவைப்பட்டதோ ஒரு சீலும் ஒரு பூட்டும். நேரத்துக்குக் கூலி கேட்கக் கூச்சப்படாதே. கழற்றிய பூட்டை அவர் கையில் கொடுத்து, பிளக் பீங்கானிலுள்ள கரிக்கோட்டை வெளிச்சத்தில் காட்டு. பார்த்தவர் கூலி தருவார்.

இதையெல்லாம் கேட்டு இன்ஜினைக் கழுவவே கூடாது என்ற முடிவுக்கும் போய்விடாதே. எண்ணெயும் புழுதியும் அப்பிய இன்ஜினில் புதுக் கசிவு எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ந்த சருகும் எலி கொண்டுவந்த பஞ்சும் தீப்பிடிக்கவும் கூடும். இன்ஜின் ஆறட்டும். காயில், டைனமோ, ஃபியூஸ் பெட்டி, காற்று போகும் வாய் எல்லாவற்றையும் மூடு. பிரஷர் குழாயை விட்டுப் பிரஷும் மெல்லிய தண்ணீரும் போதும். கழுவிய பையனைத் திட்டி வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவதும் வேண்டாம். குழாய் கழன்றிருந்தால் கழன்றது என்று சொல். பூட் பழையது என்றால் பழையது என்று சொல்.

கடைசியாக ஒரு சோதனை. வேலை முடிந்து வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது, செடிக்குத் தெளிக்கும் கை ஸ்பிரேயரில் தண்ணீர் எடுத்து, ஃபேனிலும் பெல்ட்டிலும் கை படாமல், காயில்களின் மேல் லேசாகத் தூவு. பிறகு அதே ஈரத்தோடு ஓட்டி, மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்துப் பார். உதறினால் நீ காயவைத்திருக்கிறாய், சரிசெய்யவில்லை. திரும்பப் பானெட்டைத் திற. உதறவில்லை என்றால் ஜாப் கார்டில் எந்த சிலிண்டர், எந்த ரப்பர், ஏன் என்று எழுதிவிட்டுச் சாவியைக் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்