வருமான வரியும் எங்க ஆயாவின் 80 ரூபாயும்



போன வருஷம் கோலியனூர் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்னோம். ஒருத்தர் சத்தமாப் பேசினார்: "நாங்க வரி கட்டுறோம், இவங்க 100 நாள் வேலைன்னு மரத்தடியில உக்காந்து சம்பளம் வாங்குறாங்க." பக்கத்துல எங்க ஆயா. ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் தாங்கல. அதனால் வரியைப் பற்றிப் படித்தேன்.

வருமான வரியை நம் நாட்டில் 1860-இல் ஜேம்ஸ் வில்சன் என்ற பிரிட்டிஷ்காரர் கொண்டுவந்தார். இப்போது இருப்பது வளர்வீத வரி. வருமானம் ஏற ஏற வீதமும் ஏறும். 2025-26 புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்தடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம். 24 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு 30. (12 லட்சம் வரை சம்பாதிப்பவருக்குத் தள்ளுபடி உண்டு, வரியே வராது.)

செஸ்ஸை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். 24 லட்சம் வாங்குபவருக்கு வரி 3 லட்சம். 48 லட்சம் வாங்குபவருக்கு 10 லட்சத்து 20 ஆயிரம். வருமானம் இரண்டு மடங்குதான், வரியோ மூன்று மடங்குக்கும் மேலே!

இன்னொரு கணக்கு. இது நானே வைத்துக்கொண்டது. ஒரு கூலிக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். 24 லட்சக்காரர் அதைப்போல 20 மடங்கு. வரி கட்டின பிறகு அவர் கையில் 21 லட்சம், அதாவது 17.5 மடங்கு. பெரிசா ஒண்ணும் குறையல. ஆனால் அந்த 3 லட்சத்தை 10 கூலிக் குடும்பங்களுக்கு 30,000 வீதம் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 1,50,000 ஆகும். இப்போ 14 மடங்கு. வாங்குவதைவிட, வாங்கினது எங்கே போகுது என்பதில்தான் விஷயமே இருக்கு.

அது எங்க ஊருக்கும் வந்தது. 2006 பிப்ரவரியில் 100 நாள் வேலை முதலில் தொடங்கிய 200 மாவட்டங்களில் நம்ம விழுப்புரமும் ஒன்று. உடல் உழைப்புக்கான கூலி முழுசும் மத்திய அரசின் பணம். அப்போ தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 80 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. களை எடுக்கப் போனா அதைவிடக் கம்மிதான், ஆம்பளைக்கு ஒண்ணு பொம்பளைக்கு ஒண்ணுன்னு ஆயா சொல்லுது. ஏரியில் மண் வெட்டிக் கூடையில் சுமந்த காசில்தான் எங்க அத்தை பத்தாவது முடிச்சாங்க. (2025 டிசம்பரில் இதற்குப் பதிலாக 125 நாள் என்று புதுச் சட்டம் நிறைவேறியது. அதில் நம் மாநிலமும் 40 சதவீதம் போடணும்.)

சரி, ஆயா வரியே கட்டலையா? மத்திய அரசுக்கு வருமான வரி மட்டுமா வருது, ஜி.எஸ்.டி.யும் வருதே. 2017 ஜூலையிலிருந்து சோப்புக்கு 18 சதவீதம். 48 லட்சக்காரருக்கும் அதேதான், ஆயாவுக்கும் அதேதான். இந்த வரி ஆள் பார்க்காது, ஏழைக்குத்தான் அதிகம் வலிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்புக்கு 5 ஆகக் குறைத்தார்கள். நம்ம நோட்டு, பென்சிலுக்கு வரியே இல்லை.

அப்போ பணக்காரருக்கு வருமான வரியை ஏத்திக்கிட்டே போகலாமேன்னு நானும் நினைச்சேன். 1973-74-இல் மேல்வரியோடு சேர்த்து 97.75 சதவீதம் வரை இருந்ததாம்! அவ்வளவு கேட்டால் வருமானத்தை மறைக்கத்தான் பார்ப்பாங்க. பிறகு குறைத்துவிட்டார்கள்.

சோப்பு கணக்கை ஆயாகிட்ட சொன்னேன். "அப்ப நானும் வரி கட்டுனவதானாடி? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே"ன்னு கேட்டுச்சு.

கணக்கில் தப்பு இருந்தால் மதிய இடைவேளையில் வந்து சொல்லுங்கள், திருத்தி ஒட்டுகிறேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி