புது இயர்போன் வாங்குறதுக்கு முன்னாடி

திமிரியில பஸ் ஏறி ஆற்காடு போறதுக்குள்ள வால்யூம் கடைசி வரை போயிடுதா? "பேஸே இல்ல, புதுசு வாங்கணும்"னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க. முதல்ல காதுக்குள்ள போற ரப்பர் டிப்பைப் பாருங்க.

இன்-இயர் வகையில் டயாஃப்ரம் ரொம்பச் சிறியது. காதுத் துவாரத்தில் அடைபட்டிருக்கும் கொஞ்சக் காற்றை அழுத்தித்தான் அது பேஸ் தருகிறது. டிப் சரியாகப் பொருந்தாவிட்டால் அந்த அழுத்தம் இடுக்கு வழியே கசிந்துவிடும். முதலில் போவது பேஸ்தான். ட்ரெபிள் பெரும்பாலும் அப்படியே நிற்பதால் பாட்டு 'கீச்'சென்று கேட்கும். அதே இடுக்கில் பஸ் இன்ஜின் சத்தமும் உள்ளே வரும். அதை அமுக்கத்தான் நாம வால்யூமை ஏத்துறோம்.

இங்கே காசைவிடக் காது பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் 4 மணி நேரம்தான். 10 டெசிபல் கூடினால் ஆற்றல் 10 மடங்கு (நம்ம லாகரிதம்தான்!). தினம் ஒரு மணி நேரம் பஸ்ஸில் அப்படிக் கேட்டால், திங்கள்ல ஆரம்பிச்ச கோட்டா வியாழனோட காலி.

டப்பாவில் கூட வந்த வேற சைஸ் டிப்பை மாட்டி, இளையராஜா பாட்டு ஒண்ணுல பேஸ் கிட்டாரைக் கவனிங்க. ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ்னு கட்டாயம் இல்ல. எனக்கு வலது மீடியம், இடது லார்ஜ். ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மின்னா, வலையில அழுக்கு அடைச்சிருக்கும். துடைங்க. அப்புறமும் வயரைத் தொட்டா கரகரன்னா, தாராளமா புதுசு வாங்குங்க.