ஆனி முதல் வாரத்தில் செய்யத்தக்கவை

ஆனி பிறந்துவிட்டது. அக்கினி நட்சத்திரம் நிவர்த்தியாகி இரண்டு வாரத்துக்கு மேலாகியும் நண்பகல் வெயில் தன் உக்கிரத்தை முற்றிலும் கைவிடவில்லை. ஆயினும், ஜூன் முதல் தேதியையொட்டி மலையாளக் கரையில் இறங்கும் பருவமழை, தன் நீரில் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பக்கத்துச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகவும் நம் பக்கம் புகுந்து, தென்னங்கீற்றுகளை ஒரே திசையில் வாரிவிடத் தொடங்கியிருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ஆடியில் அம்மியையும் பறக்கவைக்கும் என்று சொல்லப்படும் காற்றுக்கு இதுவே முன்னோடி. வெயிலும் குறையாமல், காற்றும் மூர்க்கம் கொள்ளாமல் இருக்கும் நாட்கள் ஆண்டில் மிகச் சிலவே; முதுவேனிலின் தொடக்கமான இந்த வாரம் அவற்றுள் அடங்கியது. இதைக் கைநழுவ விடலாகாது.

முதற்காரியம் வடாம். சித்திரையிலேயே போட்டு டப்பாக்களை நிரப்பிக்கொண்டவர்கள் பாக்கியசாலிகள். விருந்தினர் வருகையாலோ கல்யாணக் காரியங்களாலோ தள்ளிப்போட்டவர்களுக்கு இதுவே கடைசித் தருணம். முந்தின இரவே பச்சரிசியை ஊறவைத்து அரைத்துக்கொண்டு, விடியுமுன் அடுப்பேற்றி, கொதிக்கும் நீரில் உப்பும் பெருங்காயமும் பச்சைமிளகாய் விழுதும் சேர்த்து, மாவைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். வெள்ளையாக இருந்த கூழ் கண்ணாடிபோல் பளபளத்து, ஈரக்கையால் தொட்டால் விரலில் ஒட்டாத நிலையை அடைவதே பக்குவம். உப்பு, வாய்க்குச் சற்றுக் குறைவாகத் தோன்றும் அளவில் இருப்பது நலம். காய்ந்தபின் அது தானே ஏறிவிடும். எலுமிச்சம்பழத்தை ஆறினபிறகு பிழிய வேண்டுமேயன்றி அடுப்பின்மேல் பிழியலாகாது. எட்டு மணிக்குள் பிழிந்து முடித்தால் முதல் நாள் வெயில் முழுவதும் அதற்குக் கிட்டும்.

எங்கே காயவைப்பது என்பதிலும் இம்மாதத்துக்கென்று ஒரு விசேஷம் உண்டு. சூரியன் இப்போது நம் தலைக்கு நேராக இல்லை. வடக்கே தாண்டிச் சென்றுவிட்டான். திருச்சிராப்பள்ளியில் ஜூன் 21-ஆம் தேதி பகல் 12.15 மணியளவில் நாலடிக் கம்பொன்றை நட்டுப் பார்த்தால், மார்கழியில் நீளமாக வடக்கே விழுந்த நிழல், ஓரடிக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே விழுவதைக் குழந்தைகளுக்குப் பிரத்தியட்சமாகக் காட்டலாம். அன்றைய பகல் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம். ஆண்டில் அதுவே நீண்ட பகல். இந்தக் காலத்தில் பூமி சூரியனுக்கு மிகத் தொலைவில் மெதுவாகச் செல்வதால், பஞ்சாங்கத்திலும் ஆனியே நீண்ட மாதம். ஆகவே மொட்டைமாடியின் வடக்குச் சுவரோரம் நண்பகலில் நிழல் கட்டும்; தெற்குச் சுவரோரம் வெயில் விழும். காற்றோ மேற்கிலிருந்து வருகிறது. இரண்டையும் சேர்த்து யோசித்தால் கன்னி மூலையில் வேட்டியை விரிப்பதே உத்தமம் என்பது விளங்கும்: காற்றுக்கு மறைவு, வெயிலுக்குத் திறப்பு. மாலையில் மேற்குச் சுவரின் நிழல் அங்கே வந்து சேர்வதற்குள் எடுத்துவிடலாம்.

காக்கைக்குக் காவலாகப் பிள்ளைகளை உட்காரவைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். அவர்கள் தின்று தீர்த்துவிடுவார்களே என்று அஞ்சவும் வேண்டாம். மேலே தோல் கட்டி, உள்ளே இன்னும் கூழாகவே இருக்கும் அந்த அரைக்காய்ச்சல் வடாமின் புளிப்புக்கும் உறைப்புக்கும் ஈடான ருசி, பொரித்த வடாமுக்குக்கூட இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். இரண்டு கை குறைந்தால் குறையட்டும். அதே வெயிலில் மோர்மிளகாயையும் முடித்துக்கொள்ளலாம்: கீறிய மிளகாயை உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் காயவைத்து, மாலையில் திரும்பவும் அதே மோரில் போட்டு, மோர் முழுவதையும் மிளகாய் குடித்துத் தீரும்வரை தொடர வேண்டும்.

மாம்பழம் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. பங்கனபள்ளி விடைபெறும் நேரம். மல்கோவா இருந்தால் விலை பாராமல் ஒன்றாவது வாங்கிவிடுங்கள். இனி வருவது நீலத்தின் காலம். நீலம் சிறிய பழமாயினும் மணத்திலும் சாற்றிலும் குறைந்ததன்று. ஆனால் அதைக் கடித்துச் சாப்பிடாமல் நறுக்கிச் சாப்பிடுவதே நல்லது. பிஞ்சாக இருக்கும்போதே தோலில் முட்டையிடும் ஒரு வண்டினத்தின் புழு, துளைத்த வழி மூடிப்போக, கொட்டைக்குள் குடியிருந்து வளர்கிறதாகையால், மேற்பார்வைக்குக் களங்கமில்லாத பழத்தினுள்ளும் வண்டு இருக்கக்கூடும். கல் வைத்துப் பழுக்கவைத்ததை ஒதுக்கி, காயாகவே வாங்கி வைக்கோலில் புதைத்து வைப்பதுதான் எப்பொழுதும் சிறந்தது. காம்படியில் மணம் எழுந்தால் எடுக்கலாம். காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியையொட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், காரைக்கால் அம்மையாரின் சரிதத்தை நினைந்து மாடிகளிலிருந்து பழங்களை இறைக்கிறார்கள். அந்த நாளில் அவ்வூரில் இருக்க வாய்ப்புள்ளவர்கள் தவறாமல் போய்வருக.

நுங்கு இப்போது முற்றத் தொடங்கும். வெட்டுகிறவரிடம் சுளையைக் காட்டச் சொல்லி, விரலால் அழுத்தினால் உள்ளே நீர் அசைவதை மட்டுமே வாங்குங்கள். பதநீரும் ஆடியோடு ஓய்ந்துவிடும். இந்தப் பருவத்துக் கருப்பட்டியை இப்பொழுதே ஓலைக்கொட்டானோடு வாங்கிவைத்தால் சுக்குக்காபிக் காலத்தில் தேட வேண்டியதில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் பருவமும் இதுவே. தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பக்கத்தவர்களுக்கு அதைவிடப் பெரிய காட்சி ஒன்று வீட்டுக்கருகிலேயே காத்திருக்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, நீரிருப்பு இடம் தரும் ஆண்டுகளில் ஜூன் 12-ஆம் தேதி குறுவைக்காகத் திறக்கப்படுவது மரபு. திறந்த சில நாட்களில் தண்ணீர் கல்லணையை அடைந்து கிளை வாய்க்கால்களில் பிரிகிறது. வறண்டு வெடித்த வாய்க்காலின் அடியில், சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, வெடிப்புகளை ஒவ்வொன்றாக நிரப்பியபடி, நடக்கிற மனிதனைவிட மெதுவாக அந்த முதல் நீர் வருவதைக் கரையில் நின்று பார்ப்பதற்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி வையுங்கள். மதகுக்காரரைக் கேட்டால் உத்தேசமாக நேரம் சொல்லுவார்.

இரவில் மாடியில் படுக்கும் சுகமும் இன்னும் சில நாட்களே. ஆடி மேகங்கள் வந்து மூடுமுன் ஆகாயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டு மணியளவில் தெற்கே முகம் திருப்பினால், அடிவானத்துக்குச் சற்று மேலே நான்கு நட்சத்திரங்கள் சிலுவை வடிவில் நிற்பதைக் காணலாம். அதுவே திரிசங்கு. வட இந்தியாவின் பெரும்பகுதியில் இருப்பவர்களுக்கு அடிவானத்தை ஒட்டி அரிதாகவோ, முற்றிலும் காணக் கிடைக்காமலோ போகும் தரிசனம் நமக்கு மொட்டைமாடியிலேயே கிடைக்கிறது. அதே நேரத்தில் வடக்கே சப்தரிஷிகள். ஒன்பது மணிக்கு ஏறக்குறைய உச்சியில் செம்மஞ்சளாகச் சுடர்விடுவது சுவாதி. தென்கிழக்கில் சிவந்த கேட்டையை நடுவில் கொண்டு விருச்சிகம் வளைந்து எழும். நம் வீட்டு ஜாதகங்களில் வெறும் பெயர்களாகவே கிடக்கும் இந்த நட்சத்திரங்களைக் கண்ணால் கண்டு, இது உன் பாட்டியின் நட்சத்திரம், இது உன்னுடையது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சௌகரியமான வாரம் கிடையாது.

கடைசியாக, மரம் வளர்ப்போருக்கு ஒரு வேண்டுகோள். காற்றுக் காலத்துக்கு முன் வேம்பையும் முருங்கையையும் கழித்துவிட வேண்டுமென்று இந்த வாரத்திலேயே அரிவாளெடுப்பது வழக்கம், அது அவசியமும்கூட. ஆனால் வேப்பமரத்தின் உச்சிக்கிளைகளில் காக்கைக் கூடுகள் இருக்கும் சமயம் இது. சிலவற்றில் காக்கைக் குஞ்சுகளோடு, குயில் இட்டுச்சென்ற முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சும் வாய் பிளந்து இரைக்காகக் கத்திக்கொண்டிருக்கும். தாய்க்காக்கை வேற்றுமை பாராட்டாமல் அதற்கும் ஊட்டிக்கொண்டிருக்கும். ஆளை ஏற்றுமுன் கீழே நின்று அரைமணி நேரம் அண்ணாந்து பாருங்கள். கூடுள்ள கிளை தென்பட்டால் அதை மட்டும் ஆனி முடியும்வரை விட்டுவையுங்கள். மற்றக் கிளைகளைத் தாராளமாகக் கழித்துக்கொள்ளலாம்.