சேருமிடம் அறிந்து செல்வோம்

மாணவர்களே! கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்ல நம் பெற்றோர் இரயிலில் முன்பதிவு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இறங்கவேண்டிய நிலையத்தை உறுதி செய்த பின்னரே, எந்த வண்டியில் ஏறுவது என்று முடிவு செய்வார்கள். பதினோராம் வகுப்பிற்குரிய பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மில் பலர் இம்முறையை மறந்து, நண்பர்கள் ஏறும் வண்டியிலேயே ஏறிவிடுகிறோம்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, பொருளியலில் பட்டம் பெற விரும்பினாள். அவளுடைய தந்தை தொழிற்சாலைப் பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். “இங்குள்ள கல்லூரிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதம்மா, ஆசிரியரிடம் கேட்டுக்கொள்” என்று கூறிவிட்டார். கணிதத்திற்கு அஞ்சிய அவள், அதனை விட்டுவிட எண்ணினாள்.

“எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்புகிறாய்?” என்று கேட்டேன்.

“தில்லிப் பல்கலைக்கழகம், ஐயா.”

அதன் சேர்க்கை விதிகளை இருவரும் படித்தோம். பொருளியல் சிறப்புப் பட்டப் படிப்பிற்கு, நுழைவுத் தேர்வில் கணிதத்தாளும் எழுதவேண்டும் என்றிருந்தது. அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “கணிதம் எடுத்துத் தோற்றுவிட்டால் என்ன செய்வது, ஐயா?” என்றாள்.

“படிக்கும் பாடத்தில் தவறினால் திருத்திக்கொள்ளலாம், படிக்காத பாடத்தில் எதைத் திருத்துவாய்?” என்றேன்.

கலைப்பாடங்களுடன் கணிதத்தையும் சேர்த்துப் படிக்க நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் இடமளிக்கிறது. அவளும் அவ்வாறே சேர்ந்தாள். அரையாண்டுத் தேர்வில் 41 மதிப்பெண்களே கிடைத்தன. நாள்தோறும் பத்துக் கணக்குகள் செய்தாள். ஆண்டிறுதியில் 68 பெற்றாள்.

பொறியியல் படிப்பிற்கான ஜே.இ.இ. தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவை தேவை. மருத்துவப் படிப்பிற்கான நீட் தேர்வுக்குக் கணிதம் தேவையில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவை தேவை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வை எப்பாடப்பிரிவினரும் எழுதலாம். நடுவண் பல்கலைக்கழகங்களுக்காக 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பொது நுழைவுத் தேர்வு 13 மொழிகளில் நடைபெறுகிறது; அவற்றுள் நம் தமிழும் ஒன்று.

விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். ஆகவே, பிறர் சொல்லக் கேட்டதோடு நில்லாமல், பல்கலைக்கழகம் வெளியிடும் தகவல் கையேட்டை நீங்களே படியுங்கள். வேண்டிய பாடம் உங்கள் பள்ளியில் நடத்தப்படுகிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். ஒரு பாடத்தை விரும்பாமல் விடுவது தவறன்று. அதனால் எந்தக் கதவு மூடப்படும் என்று அறியாமல் விடுவதே தவறு.

அருஞ்சொற்பொருள்

நடுவண் – மத்திய
சேர்க்கை – கல்லூரியில் இடம் பெறுதல்
அஞ்சுதல் – பயப்படுதல்

பயிற்சி

1. மாணவி கணிதத்தை விட்டிருந்தால் எந்த வாய்ப்பை இழந்திருப்பாள்?
2. “படிக்காத பாடத்தில் எதைத் திருத்துவாய்?” – இவ்வினாவின் கருத்தை விளக்குக.
3. நீங்கள் விரும்பும் பட்டப்படிப்பு ஒன்றைக் குறிப்பிட்டு, அதற்குத் தேவையான பாடங்களைக் கேட்டறிந்து, பெற்றோருக்கு ஐந்து வரிகளில் எழுதிக் காட்டுக.