புதிதாக அங்கி அணிகிறவர்களுக்கு

இந்த வருஷம் குருத்துவ அபிஷேகம் பெறப்போகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் படித்துவிட்டு வருகிறீர்கள். எப்படிப் பிரசங்கிப்பது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களில் பலர் என்னைவிட நன்றாகவே பேசுகிறீர்கள். நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சேகரங்களிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஊழியத்தில் நின்றவர்களையும் விழுந்தவர்களையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். விழுந்தவர்களில் பேசத் தெரியாதவர் என்று ஒருவர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. அதனால் பேச்சை விட்டுவிட்டு மற்றதைப் பற்றி எழுதுகிறேன். எண் போட்டிருப்பது உங்கள் வசதிக்காக. வரிசையில் விசேஷம் ஒன்றுமில்லை.

1. நாற்காலியைக் கவனியுங்கள்.

ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போவீர்கள். உங்கள் தாத்தா வயதுக்காரர் எழுந்து, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்துப் போடுவார். முதல் வருஷம் கூச்சமாக இருக்கும். பிறகு பழகிவிடும். அதற்கும் பிறகு ஒருநாள், நாற்காலி வர அரை நிமிஷம் தாமதமானால் முகம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை வீட்டுக்காரர் கவனிப்பதற்கு முன்னால் நீங்கள் கவனித்துவிட வேண்டும்.

செபெதேயுவின் குமாரர்கள் வலதுபக்கமும் இடதுபக்கமும் இடம் கேட்டதை மாற்கு 10ஆம் அதிகாரத்தில் வைத்து எல்லாரும் பிரசங்கிக்கிறோம். மற்றப் பத்துப் பேருக்கு ஏன் எரிச்சல் வந்தது என்று யோசித்ததுண்டா? தாங்கள் மனதில் வைத்திருந்ததை இவர்கள் முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. இயேசுவும் அந்த இரண்டு பேரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை. எல்லாரையும் அழைத்துத்தான் பேசினார். திருமண்டலத் தேர்தலில் அணி சேருகிறவர்களைப் பற்றி டீக்கடையில் உட்கார்ந்து சலித்துக்கொள்ளும்போது, அந்தப் பத்துப் பேருடைய எரிச்சல் நமக்குள் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

2. பெரிய வியாழனை நம்பி ஏமாறாதீர்கள்.

சில சபைகளில் அன்றைக்குப் பாதம் கழுவும் ஆராதனை உண்டு. பன்னிரண்டு பேரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துச் சொல்லிவைப்பார்கள். அவர்கள் வீட்டில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். குருவானவர் வெந்நீர் ஊற்றி, வெள்ளைத் துண்டால் ஒற்றி எடுப்பார். ஒருவர் செல்போனில் படம் பிடிப்பார். நல்ல ஆராதனைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே வாரம் அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் புண்ணோடு படுத்திருக்கும் சபையார் ஒருவரின் கட்டிலருகே எவ்வளவு நேரம் நின்றோம், மூக்கைப் பொத்திக்கொண்டா பொத்தாமலா என்பதுதான் என் கேள்வி. யோவான் 13இல் கழுவப்பட்ட கால்களில் யூதாசின் கால்களும் உண்டு. அவன் அதற்குப் பிறகுதான் எழுந்து வெளியே போகிறான்.

அதே அதிகாரத்தில் பேதுரு காலை இழுத்துக்கொள்வதையும் பாருங்கள். பிறருக்குச் செய்வதில் ஒரு மேட்டிமை ஒளிந்திருக்க முடியும். செய்கிறவன் எப்போதும் மேலேதானே நிற்கிறான்! உங்களுக்குக் காய்ச்சல் வந்து கிடக்கும்போது கோயில் பெருக்குகிற அம்மா கஞ்சி கொண்டுவந்தால், எழுந்து உட்கார்ந்து குடியுங்கள். ‘உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்’ என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

3. பணம்.

இதில் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

1779இல் சென்னையிலிருந்த ஆங்கில அரசு, ஹைதர் அலியிடம் தூது போக ஒருவரைத் தேடியது. போனவர் தஞ்சாவூரில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து திரும்பும்போது ஹைதர் வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். அந்தக் காலத்து 300 ரூபாய். சுவார்ட்ஸ் அதைக் கொண்டுபோய் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்ன பிறகும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டார்.

இதன் பலன் அடுத்து வந்த போரில் தெரிந்தது. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பட்டினி. வெளியே கிராமங்களில் தானியம் இருந்தது. கொண்டுவர மாடு இல்லை, மாடு வைத்திருந்தவர்கள் கொடுக்கவில்லை. முன்பு வாங்கியதற்கு அரசு பணம் தராமல் ஏமாற்றியிருந்தது. ராஜாவின் வாக்குறுதியை யாரும் நம்பவில்லை. கடைசியில் சுவார்ட்ஸிடம் பொறுப்பை விட்டார்கள். பணத்துக்கு நான் ஜவாப்தாரி என்று அவர் ஊர் ஊராகச் சொல்லி அனுப்பியதும், சில நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. வந்தவர்களுக்குத் தன் கையாலேயே பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பினார். அரண்மனை முத்திரைக்கு மதிப்பில்லாத இடத்தில் ஒரு போதகரின் வாய்ச்சொல் செல்லுபடியானதற்குக் காரணம் அவருடைய பிரசங்கம் அல்ல என்பது நிச்சயம். வரவு செலவில் அவரைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த ஜனங்கள்.

இனி உங்கள் விஷயம். காணிக்கையைத் தனியாக எண்ணாதீர்கள்; அவசரம் என்றாலும், மழை என்றாலும், கணக்கர் வரவில்லை என்றாலும். 2 கொரிந்தியர் 8இல் பவுல் எருசலேமுக்கான பணத்தைக் கொண்டுபோகக் கூடவே வேறு சகோதரர்களையும் அனுப்புகிறார். கடவுளுக்குத் தெரிந்தால் போதாது, மனுஷர் முன்னும் சரியாக இருக்க வேண்டும் என்று அங்கே காரணமும் சொல்கிறார். பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டிருக்கிறது. வீட்டு ஜெபம் முடிந்து படியிறங்கும்போது ஒரு கவரைக் கையில் திணிப்பார்கள். அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்: ‘அண்ணாச்சி, இது கோயிலுக்கா, எனக்கா?’ கோயிலுக்கு என்றால் அன்றைக்கே ரசீது. உங்களுக்கு என்றால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை. கேட்காமல் சட்டைப்பையில் போட்ட கவர் ராத்திரிக்குள் உங்களுடையதாகிவிடும். வெளிநாட்டு நிதி, பள்ளிக்கூட நியமனம், நிலக் குத்தகை இவையெல்லாம் பெரிய சோதனைகள்; அவை பிறகு வரும். கவரில் நேராக இருந்தவர்கள் அங்கேயும் பெரும்பாலும் நேராகவே இருந்திருக்கிறார்கள்.

4. கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை உங்களுக்குத் தெரியும். நம்முடைய இந்திய மிஷனரி சங்கம் 1903இல் தொடங்கியபோது முன்னின்றவர். பிறகு தாமே தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போய், வளர்ந்த வயதில் தெலுங்கு படித்து, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசியது பலருக்குக் கசந்தது. மிஷனரிகள் தங்கள் உடைமையைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள், அதற்காக இந்தியச் சபை என்றும் நன்றி சொல்லும். ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்ற பொருளில் முடித்தார். அப்போது அவருக்கு 36 வயதுகூட ஆகவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அநேகர் அவருக்குச் சம்பளமும் பதவியும் கொடுக்கக்கூடிய இடத்தில் இருந்தவர்கள்.

அந்தப் பேச்சை வெள்ளைக்காரருக்குச் சொன்னது என்று நாம் ஒதுக்கிவைத்துவிட்டோம். இன்று அந்த மாநாட்டில் மிஷனரிகள் உட்கார்ந்திருந்த இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு விதவைகளுக்குச் சேலை கொடுக்கிறோம், பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். வாங்குகிறவர் மேடையேறி, கும்பிட்டு, வாங்கி இறங்குகிறார். அவர் பெயர் தெரியுமா? அவருடைய மூத்த மகன் திருப்பூரில் வேலைக்குப் போனவன் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறானா, தெரியுமா? உங்களுக்கு ஒரு மனக்கஷ்டம் வந்தால் அவரிடம் போய்ச் சொல்வீர்களா? கடைசிக் கேள்விக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம். தன் துக்கத்தைச் சொல்லக்கூடிய அளவுக்கு ஒருவரைச் சமமாக நினைக்காதவன் அவருக்கு எஜமானாக இருக்கலாம், வேலைக்காரனாக ஆகிவிட முடியாது.

5. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் குடிக்கிறீர்கள்?

புதுச் சேகரத்துக்குப் போனதும் ஊர் இதைத்தான் பார்க்கும். வடக்குத் தெருவில் பலகாரமும் தெற்குத் தெருவில் வாசலில் நின்றபடி ஜெபமும் என்றால், நீங்கள் பிறகு என்ன பிரசங்கித்தாலும் பிரயோஜனம் இல்லை. சாதி பார்ப்பதில்லை என்று சொல்கிற குருவானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது பார்த்தார்கள்.

வரமும் குணமும் ஒன்றாகவே வரும் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருக்கு ஈடாகத் தமிழ்ச் சபையில் பாடினவர்கள் கொஞ்சம். அவர் பாட்டைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கண் நிறையும். அதே சாஸ்திரியார், புதிதாக வந்த மிஷனரிகள் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க முனைந்தபோது, கூடாது என்று எதிர்த்து எழுதினார். அவரைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கே அப்படி ஒரு மறைவிடம் இருந்திருக்கிறது என்றால், நம்முடையது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

6. வாயைக் கட்டுங்கள்.

ஒருவர் அழுதுகொண்டு சொன்னதை, அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ‘ஒரு குடும்பத்தில் ஒரு சகோதரி’ என்று தொடங்கி ஜெபக்குறிப்பாகச் சொல்வது புறங்கூறுதல்தான். இருநூறு வீடு உள்ள ஊரில் அந்தச் சகோதரி யார் என்று தெரியாமல் போய்விடுமா?

7. பிரசங்கத்துக்கு அல்லாமல் வேதம் வாசியுங்கள்.

குறிப்பெடுக்காமல், யாருக்குச் சொல்லலாம் என்று யோசிக்காமல். மாற்கு முதல் அதிகாரத்தில், ஊரே வாசலில் கூடிவந்து பிணியாளிகள் சுகமான மறுநாள் அதிகாலையில் இயேசு தனியாகப் போய்விடுகிறார். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொல்லும்போது, அடுத்த ஊருக்குப் போவோம் என்கிறார். நம்மைத் தேடுகிறார்கள் என்று கேட்டபிறகு வேறு பக்கம் நடப்பதற்குத் தனிஜெபம் இல்லாமல் பலம் வராது. இதைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

8. வீட்டில் ஐயர் இல்லை.

ஐயரம்மாவைச் சபையின் சம்பளமில்லா ஊழியக்காரி ஆக்கிவிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெண்கள் ஐக்கியம், ஞாயிறு பள்ளி, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி. இவ்வளவும் கேட்காமலே தலையில் விழும். அவர்களுக்கு என்ன விருப்பம் என்று ஒருமுறையாவது கேளுங்கள். தங்கைகளே, உங்கள் கணவன்மாருக்கு இன்னும் ஒரு பெயரே ஊரார் வைக்கவில்லை. அந்த வகையில் அவர்கள் தப்பித்தார்கள். ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பணிவிடைத் தலைமை என்று நீங்கள் கருத்தரங்கில் பேசுவதை அவர்கள் அதை வைத்துத்தான் எடைபோடுவார்கள்.

9. திட்டக்கூடிய ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

சேகர கமிட்டியில் எதிர்த்துப் பேசுகிறவர் வேறு. அவர் உங்களைத் தோற்கடிக்கப் பேசலாம். நான் சொல்வது, உங்கள்மேல் அன்பு உள்ளவரும் உங்களிடத்தில் எதிர்பார்ப்பே இல்லாதவருமான ஓர் ஆள். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், உங்களோடு படித்தவராக இருக்கலாம். மாதம் ஒருமுறை அவரிடம் போய், ‘என்னைப் பத்தி என்ன கேள்விப்பட்டீங்க?’ என்று கேளுங்கள். தாவீதுக்கு நாத்தான் இருந்தார். பத்சேபாளிடத்தில் பிறந்த பிள்ளைகளில் ஒருவனுக்குத் தாவீது நாத்தான் என்று பெயர் வைத்ததை 1 நாளாகமம் 3இல் பார்க்கலாம். தன்னைக் கண்டித்த தீர்க்கதரிசியின் நினைவாகத்தான் வைத்தான் என்று வேதம் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

10. கல்வெட்டும் மாறுதலும்.

நம் கோயில்களில் சுவருக்குச் சமமாகக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அடிக்கல் நாட்டியவர், திறந்துவைத்தவர், அப்போது சேகரகுருவாக இருந்தவர், மின்விசிறி வாங்கித் தந்தவர். உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று முதல் கட்டடத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவதில் சொல்ல மனம் வராது. டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே அரை நூற்றாண்டு இருந்தார்கள், கடைசி இருபது வருஷம் படுக்கையில். 1951இல் அடக்கம்பண்ணிய இடத்தில் பெயர் வெட்டிய கல்லறைக்கல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து, பிள்ளைகள் கூப்பிட்டபடி ‘அம்மாய்’ என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

மாறுதல் உத்தரவு வரும்போதுதான் உங்களை நீங்களே சரியாகத் தெரிந்துகொள்வீர்கள். நான் போனால் இந்தச் சபை என்ன ஆகும் என்று தோன்றினால் அது சபைமேல் உள்ள பாரம் என்று எண்ணிவிடாதீர்கள்; பாதி அப்படியும் பாதி வேறாகவும் இருக்கும். அப்போஸ்தலருடைய நடபடிகள் 13ஆம் அதிகாரம் தொடங்கும்போது பர்னபாவும் சவுலும் என்று இருக்கிறது. அது முடிவதற்குள் பவுலும் பர்னபாவும் ஆகிவிடுகிறது. தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடிக் கூட்டிவந்ததே பர்னபாதான். வரிசை மாறியதற்காக அவர் முணுமுணுத்ததாக ஒரு வரிகூட இல்லை. பின்னால் இருவரும் பிரிந்தது மாற்குவைக் கூட்டிப்போகலாமா என்பதற்காக. அங்கேயும் பர்னபா பேசியது இன்னொருவனுக்காக.

ஆகையால் கிளம்பும்போது சாவிகளையும் கையெழுத்திட்ட கணக்கையும் எல்லாருக்கும் முன்னால் ஒப்படையுங்கள். படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல் ஒன்று எழுதி, யாருக்கு எந்த நேரத்தில் போனால் வசதி என்பதையும் குறித்து, வருகிறவரிடம் கொடுங்கள். யார் யார் தொல்லை கொடுப்பார்கள் என்ற பட்டியல் வேண்டாம். அவரிடம் அவர்கள் நல்லவர்களாக நடந்துகொள்ளக்கூடும். பழைய சபையார் போனில் புதியவரைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினால், சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவது பொய்தான். வேறு விஷயம் பேசுங்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தை நீங்களே வந்து நடத்த வேண்டும் என்று கூப்பிட்டால், உங்கள் ஐயரைக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். அவரே கூப்பிட்டால் போங்கள். அங்கி எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பின்பெஞ்சில் உட்காருங்கள்; பந்திக்கு அங்கிருந்துதான் கிட்டம்.