கலவரமும் நம் முதற் கேள்வியும்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் விடுதி மாணவியராகிய நாங்கள் இருவர் இருவராக வரிசையில் நடந்து செல்லும் இடங்களுள் லேடீஸ் சீட்டும் ஒன்று. பனி மூடாத நாளில் அங்கு நின்று பார்த்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கீழே, சேலம் மாநகரம் விளக்குகளை அள்ளிக் கொட்டி வைத்தாற்போல் காட்சி தரும். ஓசை எதுவும் மேலே வந்து சேராது. அங்கே திருவிழா நடந்தாலும், அடிதடி நடந்தாலும், நமக்குத் தெரிவது அதே விளக்குகள்தாம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, விடுதித் தொலைக்காட்சியில் வடநாட்டு நகரம் ஒன்றில் நடந்த கலவரத்தைக் காட்டினார்கள். பேருந்து ஒன்று எரிந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் கல்லெறிந்துவிட்டு ஓடினார்கள். நாங்கள் சும்மா இருந்தோமா? "பார்த்த இடத்திலேயே சுட வேண்டும்" என்றாள் ஒருத்தி. "இதையெல்லாம் தூண்டிவிட்டவன் ஒருவன் இருப்பான், அவனைப் பிடித்தால் போதும்" என்றாள் இன்னொருத்தி. "அந்தக் கூட்டமே அப்படித்தான்" என்று ஒரு குரல் வந்தது. எந்தக் கூட்டம் என்று எவரும் கேட்கவில்லை. பின்னால் நின்றிருந்த எங்கள் வரலாற்று ஆசிரியை அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுநாள் வகுப்பில் அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கரும்பலகையில் "சேலம், 1882" என்று மட்டும் எழுதிவிட்டு, "உங்கள் காலடியில் நடந்தது இது. தெரிந்துகொண்டு வாருங்கள்" என்றார்கள். அந்தத் தேடலில் எங்களுக்குக் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

அக்காலச் சேலம் இன்றைய மாநகரம் அன்று. 1866ஆம் ஆண்டில் நகராட்சி ஏற்பட்டிருந்தது. இரயில் வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. நெசவும் வாணிகமும் ஊருக்கு உயிர். செவ்வாய்ப்பேட்டை அங்காடிப் பகுதி. அங்கே இந்துக்களின் ஊர்வலம் செல்லும் வழியில் முஸ்லிம் மக்கள் பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினார்கள். இந்த வழி எங்கள் சாமி காலங்காலமாகப் போகும் வழி என்றனர் ஒரு சாரார். தொழுகை நடக்கும் இடத்தின் முன் மேளதாளம் கூடாது என்றனர் மற்றவர். மனுக்கள் எழுதப்பட்டன, உத்தரவுகள் பிறந்தன, வழக்கும் நடந்தது. ஆண்டுகள் ஓடின. முடிவில் 1882 ஆகஸ்டு மாதத்தில் பெருங்கலவரம் மூண்டது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. உயிர்களும் போயின.

இதை வகுப்பில் படித்தபோது நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்களுள் இருவர் சேலத்துக்காரர்கள். ஒருத்தி இந்து, மற்றவள் முஸ்லிம். ஆறாம் வகுப்பு முதல் ஒரே பெஞ்சில் அமர்பவர்கள். பள்ளிவாசல் இடிக்கப்பட்டது என்று வாசித்தவுடனே, பின்வரிசையிலிருந்து, "முதலில் ஆரம்பித்தது யார்?" என்ற கேள்வி எழுந்தது. ஒருத்தி ஒன்று சொல்ல, மற்றவள் வேறொன்று சொல்ல, அன்று முழுவதும் அவ்விருவரும் பேசவில்லை. இரவு உணவின்போது தட்டுகளை எடுத்துக்கொண்டு வேறு வேறு மேசைகளுக்குப் போனார்கள். நூறு ஆண்டுகளுக்கும் முந்திய கலவரம் ஒரே ஒரு கேள்வியால் எங்கள் சாப்பாட்டுக் கூடம் வரை வந்துவிட்டது. அப்போதுதான் எங்களுக்குச் சற்று அச்சமாக இருந்தது.

அன்றைய ஆங்கில அரசும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்டது. யார்? இத்தனை பேரும் தாமாகக் கூடியிருக்க முடியாது. படித்தவர் ஒருவர் பின்னால் இருந்து தூண்டியிருக்க வேண்டும் என்று அது எண்ணிற்று. அகப்பட்டவர் சேலம் விஜயராகவாச்சாரியார். அப்போது அவருக்கு வயது முப்பது. வழக்கறிஞர் தொழிலுக்கு வந்து சிறிது காலமே ஆகியிருந்தது. நகராட்சி உறுப்பினராகவும் இருந்தார். கலவரத்தைத் தூண்டினார் என்று அவர்மீது குற்றம் சாட்டிச் சேலத்தில் தண்டனையும் விதித்தார்கள். அவர் விடவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் வரை போராடிக் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். நகராட்சிப் பதவியிலிருந்து தம்மை நீக்கியது செல்லாது என்று அரசின் மீதே வழக்குத் தொடுத்து அதிலும் வென்றார். பிற்காலத்தில் 1920ஆம் ஆண்டு நாகபுரி காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் இவரே. தென்னாட்டுச் சிங்கம் என்று பாட நூல்கள் புகழ்கின்றன. அந்தப் பட்டத்திற்கு அடியில் ஒரு கலவர வழக்கு இருப்பது எங்களுள் பலருக்கு அதுவரை தெரியாது.

ஆனால் எல்லோரும் வழக்கறிஞர்கள் அல்லவே! கலவர வழக்கில் தண்டிக்கப்பட்ட வேறு பலர் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களுள் குற்றமற்றவர்களும் இருந்தனர் என்று வாதாடி, விஜயராகவாச்சாரியார் வைஸ்ராய் ரிப்பன் பிரபுவுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார். தாம் தப்பினோம் என்று அவர் நின்றுவிடாததே அவருடைய பெருமை என்பது எங்கள் எண்ணம். 1878இல் வார ஏடாகத் தோன்றிய 'தி ஹிந்து' இந்த வழக்கில் அரசின் போக்கைக் கடுமையாகக் கண்டித்து எழுதியது. 1883 அக்டோபர் முதல் அது வாரம் மும்முறை வெளிவந்தது. நம்மவர்கள் அரசைத் தட்டிக் கேட்கப் பழகிய காலம் அது. அந்தப் பழக்கத்தில் சேலத்து வழக்கிற்கும் பங்கு உண்டு. இது நல்ல விளைவுதான். என்றாலும் அன்றைய வாதங்களெல்லாம் தண்டிக்கப்பட்டவர்கள் பக்கமே மிகுந்திருந்தன என்று எங்கள் முஸ்லிம் தோழி சுட்டிக் காட்டினாள். இடிக்கப்பட்ட பள்ளிவாசலுக்கு அருகில் குடியிருந்தவர்கள் அன்றிரவு எங்கே உறங்கினார்கள் என்று அவள் கேட்டாள். எங்கள் கையிலிருந்த குறிப்புகளில் அதற்கு விடை இல்லை.

சரி, ஏன் நடந்தது? மதவெறி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அந்தச் சொல் பொய்யன்று; ஆனால் போதாது. செவ்வாய்ப்பேட்டையில் இரு சாராரும் 1882க்கு முன்பும் வாழ்ந்தவர்கள்தாமே?

கலவரத்திற்கு நாலைந்து ஆண்டுகள் முன்னர்தான், 1876 முதல் 1878 வரை, தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மிகக் கொடிய அடி பட்ட மாவட்டங்களுள் சேலம் ஒன்று. 1871இல் சேலம் மாவட்ட மக்கள் தொகை ஏறக்குறைய 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881இல் எண்ணியபோது சுமார் 16 இலட்சம்தான் இருந்தது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் கழித்துப் பார்த்தோம். மூன்றரை இலட்சத்திற்கு மேல் குறைந்திருந்தது. மாண்டவர் பாதி, ஊரைவிட்டு ஓடியவர் பாதியோ என்னவோ, பத்தில் இருவர் வீதம் இல்லாமற் போன ஒரு மாவட்டம் அது! அப்படிப்பட்ட ஊரில் எஞ்சி நின்றவர்கள் எதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்? தங்கள் சாமியையும், தங்கள் தொழுகையையும், தங்கள் தெருவையும்தான். பஞ்சம் நேராகச் சென்று பள்ளிவாசலை இடித்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படி நிறுவ எங்களால் இயலாது. பஞ்சத்தைத் தாண்டி வந்த ஊர் என்பதை மறந்துவிட்டு அக்கலவரத்தைப் படிப்பது அரைப் படிப்பு என்கிறோம்.

அடுத்தது, தீர்வு வராமல் இழுத்த காலம். ஒரு தெரு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை சொல்ல வேண்டியது அரசின் கடமை. பொதுத் தெருவில் எச்சமயத்தாரும் ஊர்வலம் செல்லலாம், போக்குவரத்துக்கு இடைஞ்சல் கூடாது, அமைதி காக்க அதிகாரிகள் இடும் சட்டப்படியான கட்டளைகளுக்குப் பணிய வேண்டும் என்று அந்த ஆண்டுகளில்தான் சென்னை உயர்நீதிமன்றம் தெளிவாக்கிற்று. உயர்நீதிமன்றம் எழுதிய நல்ல தீர்ப்பு தெருவுக்கு வந்து சேர நாளாயிற்று போலும்! இடைப்பட்ட காலத்தில் வேலை செய்தது வதந்தி.

சமயம் இல்லாமலும் கலவரம் வரும் என்பதற்கு 1918ஆம் ஆண்டு சான்று. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் விலைகள் ஏறின. சென்னை மாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் கடைகளும் சந்தைகளும் கொள்ளையிடப்பட்டன. செப்டம்பரில் சென்னை நகரமே கலங்கிற்று. இதில் எங்களை வியக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. சில இடங்களில் கூட்டத்தார் தானியத்தை வாரிக்கொண்டு ஓடவில்லை. நியாயமான விலை இது என்று தாங்களே குறித்து, அந்த விலைக்கு விற்கும்படி வியாபாரியைக் கட்டாயப்படுத்தினார்களாம். அவர்களைக் காலிகள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் காலிகள் விலை பேசுவார்களா?

கடல் கடந்தும் பார்த்தோம். 1967 ஜூலையில் அமெரிக்காவின் நூவார்க், டெட்ராய்ட் நகரங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் கலவரம் வெடித்தது. டெட்ராய்டில் மட்டும் 43 பேர் மாண்டனர். அந்நாட்டு மக்களுள் பலர், அன்றிரவு நாங்கள் சொன்னதையே சொன்னார்கள்: சுடுங்கள், தூண்டியவனைப் பிடியுங்கள். குடியரசுத் தலைவர் ஜான்சன், இல்லினாய் மாநில ஆளுநர் கெர்னர் தலைமையில் ஒரு குழுவை அமைத்து மூன்று வினாக்களை ஒப்படைத்தார். என்ன நடந்தது? ஏன் நடந்தது? மீண்டும் நடவாதிருக்க என்ன செய்யலாம்? பாருங்கள், "யார்" என்ற வினா அதில் இல்லை. பல மாதங்கள் ஆராய்ந்த அக்குழு, இரகசியச் சதி ஏதும் இதற்குக் காரணம் இல்லை என்றது. வேலையின்மை, நெருக்கடியான குடியிருப்பு, காவல்துறையினர் நடத்தும் விதம், தலைமுறை தலைமுறையாக நிறத்தால் ஒதுக்கப்பட்டமை ஆகியவற்றை எடுத்துக் காட்டியது. சேதத்தைச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தியதையும் சொல்லத் தவறவில்லை. 1968 தொடக்கத்தில் அறிக்கை வெளிவந்தது. மக்கள் அதை வாங்கிப் படித்தார்கள்; அரசோ பெரும்பாலானவற்றை ஒதுக்கி வைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் மீண்டும் கலவரம் மூண்டது.

இவ்வாறெல்லாம் காரணம் தேடினால் கல்லெறிந்தவனுக்கு வக்காலத்து வாங்குவதாகாதா என்று எங்கள் வகுப்பிலேயே ஒரு கட்சி இருந்தது. அதன் தலைவி நன்றாகப் பேசுவாள். "எரிந்த கடைக்காரன் என்ன பாவம் செய்தான்?" என்று அவள் கேட்டபோது எங்களால் உடனே மறுமொழி கூற முடியவில்லை. கடைக்காரன் பாவம் செய்யவில்லைதான். தீ வைத்தவன் தண்டனை பெறத்தான் வேண்டும். ஆனால் காய்ச்சலுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் மருத்துவர் காய்ச்சலின் கட்சிக்காரர் ஆவாரா? எங்கள் விடுதியில் ஒருமுறை பலருக்கும் வயிற்றுப்போக்கு வந்தபோது, கண்டதைத் தின்றவர்கள் யார் யார் என்றுதான் எல்லோரும் கேட்டோம். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தது நான்காம் நாள்.

மலைமேல் இருக்கும் நமக்கு இதில் என்ன என்றும் கேட்கலாம். ஏற்காட்டில் கலவரம் இல்லை, உண்மைதான். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், கூட்டம் என்றாலே கலகம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கலவரம் இல்லாததால் குறையே இல்லை என்று ஆகுமா? மலைக் கிராமத்திலிருந்து நெடுந்தூரம் நடந்து பள்ளிக்கு வரும் பெண்கள் உண்டு. மழைக்காலத்தில் நின்றுவிடுபவர்களும் உண்டு. அவர்கள் கல்லெறியவில்லை, ஆகவே தொலைக்காட்சியிலும் வரவில்லை.

எங்கள் தோழியர் இருவரும் மூன்றாம் நாள் பேசிக்கொண்டார்கள். யார் முதலில் பேசியது என்று நாங்கள் கேட்கவில்லை. அது மட்டும் கற்றுக்கொண்டோம்! இக்கட்டுரைக்கான குறிப்புகளில் பாதிக்கு மேல் அவர்கள் இருவரும் சேர்ந்து எழுதியவை. ஆடித் திருவிழா விடுமுறைக்கு ஒரே பேருந்தில் சேலம் இறங்கியபோது, வீட்டுப் பெரியவர்களிடம் 1882 பற்றிக் கேட்டு வரும்படி சொல்லி அனுப்பினோம். திரும்பி வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். ஒருத்தியின் பாட்டிக்குக் கலவரம் பற்றி ஒன்றுமே தெரியவில்லையாம். தாம் சிறுமியாய் இருந்தபோது வண்டி வேடிக்கை பார்க்கத் திண்ணையில் இடம் பிடிக்க விடியற்காலையிலேயே ஓடியதையும், பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் அதற்கும் முன்பே வந்து நல்ல இடத்தையெல்லாம் பிடித்துவிட்டதையும்தான், இன்னும் ஆறாத கோபத்தோடு சொன்னாராம்.