ஜூலை 4-க்கு மூன்று நிறப் பூக்கள்

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். அமெரிக்க சுதந்திர தினத்துக்கு வாசலில் சிவப்பு, வெள்ளை, நீலப் பூக்கள் பூக்க என்ன நடலாம்?

பதில்: நாற்றாகவே வாங்குங்கள்; விதைக்கு நேரம் போதாது. சிவப்புக்கு சால்வியா. உறைபனி நின்றதும், மே நடுவில் நடலாம். வெள்ளைக்கு நம்மூர் நித்தியகல்யாணி. அங்கே விங்கா என்று கேளுங்கள். மண் சூடேறிய பிறகு, மே கடைசியில் வையுங்கள். ஈரக்குளிரில் வேர் அழுகிவிடும்.

சிக்கல் நீலத்தில்தான். லொபீலியா அசல் நீலம், ஆனால் வெயில் ஏறினால் பூப்பது நின்றுவிடும். நீல சால்வியாவே என் தேர்வு. கொஞ்சம் ஊதா கலந்திருக்கும், ஆனால் வெயிலுக்கு அசராது. பின்வரிசையில் ஓர் அடி இடைவெளி விட்டு நடுங்கள். ஜூன் பிறந்தபின் நுனி கிள்ளாதீர்கள், பூ தள்ளிப்போகும். வாடிய கதிர்களை மட்டும் நறுக்கினால் பக்கக் கிளைகளில் புதுக் கதிர் வரும்.